மூவிங் ஆவரேஜ் எஃப்ஐஆர்தானே, பிறகு எப்படி அன்ஸ்டேபிள் ஆகிறது?

கேள்வி: தராசுத்தட்டு

லோட் செல் (எடையை மின்னழுத்தமாக மாற்றும் சென்சார்), எச்எக்ஸ்711 (அதை எண்ணாக்கும் சில்லு; 24 பிட், வினாடிக்கு 80 சாம்பிள்), இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர். ரீடிங்கைக் கிராமாக மாற்றி 64 சாம்பிளுக்கு மூவிங் ஆவரேஜ் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் 64-ஐயும் கூட்டுவானேன் என்று வழக்கமான குறுக்குவழி:

கூட்டு = கூட்டு + புதிது − பழையது
வெளியீடு = கூட்டு ÷ 64

பழையது என்பது 64 சாம்பிளுக்கு முன் பஃபரில் போட்டது. எல்லாம் 4 பைட் ஃப்ளோட்.

இரண்டு தொந்தரவு. அளவுத்திருத்தம் செய்வதற்கு முன் ஸ்கேல் ஃபேக்டர் 0, ரீடிங்கும் 0 என்று வந்து, 0 ÷ 0 ஆகி ஒரே ஒரு ‘நேன்’ (எண்ணே அல்லாத மதிப்பு) உள்ளே போய்விட்டது. அது பஃபரை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. ஆனால் ரீசெட் செய்யும்வரை திரையில் நேன்தான். இரண்டாவது, ஒன்றரைக் கிலோ எடையை ஏற்றி இறக்கும் சோதனையைப் பல ஆயிரம் சுற்று ஓட்டினால், காலித் தட்டில் 0.00 வரவேண்டிய இடத்தில் 0.03, சில நேரம் −0.02 என்று நிற்கிறது. ரா ரீடிங்கைத் தனியாக அச்சிட்டுப் பார்த்தேன், அது பூஜ்ஜியத்துக்குச் சரியாகத் திரும்புகிறது. நகர்வது ஆவரேஜ் மட்டும்தான்.

எஃப்ஐஆர் (ஒரு சாம்பிளின் தாக்கம் குறிப்பிட்ட காலத்தில் முடிந்துவிடும் ஃபில்டர்) எப்போதும் ஸ்டேபிள் என்றுதான் படித்தது. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஒரே ஒரு 1-ஐக் கொடுத்தால் வரும் வெளியீடு) 64 இடத்தில் 1/64, கூட்டினால் 1. வரையறைப்படி இதைவிட ஒழுங்கான சிஸ்டம் கிடையாது. அப்படியானால் தப்பு கோடிலா, வரையறையிலா? ‘ஸ்டேபிள்’ என்று சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்கிறோம்?

பதில் 1: சுழல்பஃபர்

வரையறை சரி. அதை நீங்கள் ஒரே ஒரு வாசலுக்கு மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

பாடத்தில் வருவது பைபோ நிலைத்தன்மை: எல்லைக்குட்பட்ட எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும் வெளியீடும் எல்லைக்குள் நிற்க வேண்டும். ‘எந்த’ என்ற சொல்லில்தான் கனம். நேரியலாகவும் காலத்தால் மாறாததாகவும் இருக்கும் சிஸ்டத்துக்கு இதுவும், இம்பல்ஸ் ரெஸ்பான்ஸின் தனிமதிப்புகளைக் கூட்டினால் முடிவுள்ள எண் வரவேண்டும் என்பதும் ஒன்றே. ஒரு பக்கம் எளிது: உள்ளீடு 5-ஐத் தாண்டாது, அந்தக் கூட்டுத்தொகை 1 என்றால் வெளியீடும் 5-ஐத் தாண்டாது. மறுபக்கத்துக்கு, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸைக் காலத்தில் திருப்பிப்போட்டு, ஒவ்வொரு இடத்திலும் அதன் குறியை மட்டும் (+1 அல்லது −1) உள்ளீடாகக் கொடுங்கள். ஒரு கணத்தில் எல்லாப் பெருக்கலும் நேர்மதிப்பாகி, வெளியீடு அந்தக் கூட்டுத்தொகையாகவே வந்து நிற்கும். தொகைக்கு முடிவில்லை என்றால் வெளியீட்டுக்கும் முடிவில்லை.

கவனியுங்கள், இதெல்லாம் உள்ளீட்டு முனைக்கும் வெளியீட்டு முனைக்கும் நடுவில் உள்ள உறவைப் பற்றியது. உள்ளே அந்த உறவை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று அது கேட்பதே இல்லை. 64 எண்ணைக் கூட்டினாலும், உங்கள் குறுக்குவழியில் போனாலும் தாளில் அதே இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்தான்.

சில்லுக்குள் நடப்பது வேறு. ‘கூட்டு = கூட்டு + …’ என்று எழுதிய நொடியே ஓர் இன்டகிரேட்டரை (வந்ததையெல்லாம் கூட்டிவைப்பது), அதாவது 1-ல் உட்கார்ந்த போலை (பழைய மதிப்பு ஒவ்வொரு சாம்பிளுக்கும் எத்தனை மடங்காகிறது என்பது), உள்ளே வைத்துவிட்டீர்கள். ‘− பழையது’ என்பது 64 ஜீரோக்களை (வெளியீட்டை 0 ஆக்கும் இடங்களை) கொண்டுவருகிறது, அவற்றில் ஒன்று அதே 1-ல் விழுந்து போலை ரத்து செய்கிறது. சென்சாரிலிருந்து வரும் சிக்னல் இரண்டையும் தாண்டிப் போவதால் அதற்கு போல் இருப்பதே தெரியாது. கூட்டலில் பிறக்கும் ரவுண்டிங் பிழை இரண்டுக்கும் நடுவில் நுழைகிறது. அதை ரத்து செய்ய பஃபரில் யாரும் இல்லை. ஒவ்வொரு பிழையும் அரைப்படிக்குள் (படி என்பது ஃப்ளோட்டில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி) அடங்கியதுதான், ஆனால் அது போகும் பாதை வெறும் இன்டகிரேட்டர், அதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் 1, 1, 1, 1… என்று போகும், கூட்டினால் முடிவில்லை. அந்த வாசலுக்கு அதே பைபோ வரையறையைப் போட்டால் உங்கள் சிஸ்டம் அன்ஸ்டேபிள். எல்லா உள்வாசல்களுக்கும் சேர்த்துக் கேட்பதை உள்நிலைத்தன்மை என்பார்கள்.

நகர்வு ஏன் ஏற்றி இறக்கினால்தான் தெரிகிறது என்பதற்கும் காரணம் உண்டு. 1523 கிராம் × 64 என்றால் கூட்டு 97,000-க்கு மேல். அந்த உயரத்தில் 4 பைட் ஃப்ளோட்டின் படி 1/128, அதாவது 0.0078. காலித் தட்டில் படி அதைவிட மிகமிகச் சிறியது. எடை அசையாமல் இருந்தால் சேர்க்கும்போதும் கழிக்கும்போதும் ஒரே படியில் ரவுண்ட் ஆகிப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். எடை ஏறும்போது ஒரு படியில் சேர்த்து, வேறொரு படியில் கழிக்கிறீர்கள். மிச்சம் தங்கிவிடுகிறது.

கணினியிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளீடு மாறாமல் 1523.4. பஃபர் நிரம்பிய பிறகு ஒரே ஒரு சாம்பிளாக 1,00,000 கோடியை (1-க்குப் பின் 12 பூஜ்ஜியம்) கொடுத்துவிட்டு, மறுபடி 1523.4. அந்த உயரத்தில் ஃப்ளோட்டின் படி 65,536. கூட்டில் இருந்த 97,497 அந்தப் படியில் 65,536 ஆக நசுங்கும். 64 சாம்பிள் கழித்து பெரிய எண் வெளியேறும்போது கையில் மிஞ்சுவது வெறும் 65,536. அதை 64-ஆல் வகுத்தால் 1024. இனி தராசு 1523.4 கிராமுக்கு 1024 என்றே காட்டிக்கொண்டிருக்கும், அரைக் கிலோ குறைவாக, எவ்வளவு நேரம் போனாலும். 64 எண்ணையும் நேரடியாகக் கூட்டும் கோடில் இதே சோதனையைச் செய்தால் 64 சாம்பிளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். உங்கள் நேனும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனமாக.

பதில் 2: மின்தடை47

சுருக்கமாகச் சொன்னால் போல் யூனிட் சர்க்கிள் (ஆரம் 1 உள்ள வட்டம்; உள்ளே இருந்தால்தான் பழையது தேயும்) மேலேயே இருக்கிறது, மார்ஜினலி ஸ்டேபிள் (விளிம்பில் நிற்பது). கொஞ்சம் உள்ளே இழுத்துவிடுங்கள்:

கூட்டு = 0.999 × கூட்டு + புதிது − 0.938 × பழையது

0.999-ஐ 64 முறை பெருக்கினால் வருவதுதான் அந்த 0.938. பழைய பிழைகள் தானாகக் கரைந்துவிடும்.

பதில் 3: இரண்டின்அடுக்கு

மேலே சொன்னது பாதி மருந்து. முதலில், அப்படிச் செய்தால் 64-ஆல் வகுக்கக் கூடாது. எடைகளின் கூட்டுத்தொகை இப்போது சுமார் 62.03. மறந்துபோய் 64-ஐ விட்டுவைத்தால் தராசு 3 சதவீதம் குறைத்துக் காட்டும். இரண்டாவது, பிழைக்கு எல்லை வந்துவிட்டது உண்மைதான், அந்த எல்லை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். அரைப்படி 0.0039, அது 1 − 0.999-ஆல் வகுபட்டு ஆயிரம் மடங்காகிறது. 62-ஆல் வகுத்தால் ஒரு ரவுண்டிங்குக்கே மோசமான நிலையில் 0.06 கிராம். வரியில் கூட்டல், பெருக்கல் என்று பல ரவுண்டிங். கேள்வியில் இருக்கும் 0.03-ஐவிட இது கூடுதல்! ஸ்டேபிள் என்று ஆகிவிட்டதால் துல்லியமும் வந்துவிடாது. மூன்றாவது, 0.999 × நேன் = நேன். அந்தத் தொந்தரவு அப்படியே இருக்கும்.

என்ன செய்யலாம் என்றால்:

வினாடிக்கு 80 சாம்பிள்தானே, 64-ஐயும் ஒவ்வொரு முறையும் கூட்டுங்கள். வினாடிக்கு 5,120 கூட்டல், இஎஸ்பி32-க்கு அது ஒரு பொருட்டே இல்லை. குறுக்குவழி தேவைப்படுவது வினாடிக்கு 48,000 சாம்பிளில் ஆயிரம் நீளச் சன்னல் (ஒரே நேரத்தில் சராசரி எடுக்கும் சாம்பிள்கள்) போடுகிறவர்களுக்கு.

குறுக்குவழிதான் வேண்டும் என்றால் கிராமாக மாற்றும் முன் ரா எண்ணிலேயே, முழு எண்ணாகவே கூட்டுங்கள். 24 பிட் + 64-க்கு 6 பிட் = 30 பிட். 32 பிட் முழு எண்ணில் தாராளமாக அடங்கும். முழு எண் கூட்டலில் ரவுண்டிங் கிடையாது, ஆகவே போலும் ஜீரோவும் துல்லியமாக ரத்தாகும், எத்தனை வருடம் ஓடினாலும் ஒரு கவுண்ட் கூட நகராது. ஸ்கேல் ஃபேக்டரை வெளியீட்டில் மட்டும் போடுங்கள். நேன் வந்தாலும் அந்த ஒரு வரியோடு போய்விடும், கூட்டுக்குள் நுழைய வழியே இல்லை.

ஃப்ளோட்டை விட முடியாதவர்களுக்கு ஒரு உத்தி. இரண்டாவது கூட்டு ஒன்று வையுங்கள். பஃபரின் குறியீடு 0-க்கு வரும்போது அதை 0 ஆக்கி, அதன் பிறகு புதியதை மட்டும் சேர்த்துக்கொண்டே வாருங்கள், கழிக்கவே வேண்டாம். குறியீடு ஒரு சுற்று முடிக்கும்போது அதில் இருப்பது பஃபரின் புத்தம்புது கூட்டுத்தொகை. அதை முதல் கூட்டின் மேல் எழுதிவிடுங்கள். சாம்பிளுக்கு ஒரே ஒரு கூட்டல்தான் கூடுதல், எந்தப் பிழையும் இரண்டு சுற்றுக்கு மேல் உயிரோடு இருக்காது. நேனும் அப்படியே.

‘டபுள் போட்டால் போதுமே’ என்று யாராவது சொல்வதற்கு முன்: டபுள் நகர்வைக் குறைக்கும், நிறுத்தாது. 8 பிட் ஏவிஆர் சில்லுள்ள அர்டுயினோ ஊனோ வகையறாவில் டபுள் என்று எழுதினாலும் கிடைப்பது அதே 4 பைட்.

இன்னொன்று. ரத்தாகும் போலை வேண்டுமென்றே நம்பிக் கட்டப்பட்ட ஃபில்டர் ஒன்று உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது: சிஐசி (இன்டகிரேட்டர்களையும் கழிப்பான்களையும் அடுக்கியது). யூஜின் ஹோகனாவர் 1981-ல் எழுதிய கட்டுரையில் வந்தது. அதில் இன்டகிரேட்டர்கள் நிரம்பி வழிவது சகஜம். இரண்டின் நிரப்பி முறையில் எண் சுற்றிக்கொண்டு வந்தாலும், இறுதி விடை பதிவகத்தில் அடங்கும் அளவு என்றால் கழிக்கும்போது எல்லாம் சரியாகிவிடும். தேவைப்படும் கூடுதல் பிட் = நிலைகளின் எண்ணிக்கை × டெசிமேஷனின் (எத்தனை சாம்பிளுக்கு ஒன்றை வைத்துக்கொள்கிறோம் என்பதன்) இரண்டடிமான லாக். நான்கு நிலை, டெசிமேஷன் 64 என்றால் 24 பிட் வளர்ச்சி. அங்கே யாராவது நல்லெண்ணத்தில் சாச்சுரேஷனை (எண் வழியாமல் உச்சத்திலேயே நிறுத்துவதை) ஆன் செய்தால் ஃபில்டர் செத்தது. சியில் எழுதுகிறவர்கள் குறியில்லா முழு எண்ணைப் பயன்படுத்துங்கள். குறியுள்ள எண் வழிந்தால் என்ன ஆகும் என்று அந்த மொழி எந்த உறுதியும் தருவதில்லை, கம்பைலர் தன் இஷ்டத்துக்கு வெட்டிவிடலாம்.

பதில் 4: சுழல்பஃபர்

‘மார்ஜினலி ஸ்டேபிள்’ என்ற பெயர்தான் நிறையப் பேரைக் குழப்புகிறது. பைபோ கணக்கில் அப்படி ஒரு நடுவகுப்பு கிடையாது. இன்டகிரேட்டருக்கு மாறாத 1 கொடுத்தால் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். அன்ஸ்டேபிள், அவ்வளவுதான். யூனிட் சர்க்கிள் மேல் ஜோடியாக போல் இருந்தால் அதே அதிர்வெண்ணில் கொசைன் கொடுத்துப் பாருங்கள், வீச்சு நேர்கோட்டில் வளரும்.

இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் பூஜ்ஜியத்தை நெருங்கினால் போதும் என்று நினைப்பதும் தவறு. 1, 1/2, 1/3, 1/4… நெருங்கத்தான் செய்கிறது, ஆனால் கூட்டுத்தொகைக்கு முடிவில்லை. எல்லா அதிர்வெண்ணிலும் கெயின் 1-க்கு மேல் போகவில்லை என்றால் ஸ்டேபிள் என்பதும் அப்படித்தான். பாடப்புத்தகத்தின் இலட்சிய லோ-பாஸ் ஃபில்டரை எடுங்கள். கெயின் எங்கும் 1 அல்லது 0. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸோ 1/தூரம் என்ற வேகத்தில் மட்டும் தேய்கிறது, தனிமதிப்புகளின் கூட்டுத்தொகை முடிவில்லாதது. பைபோ கணக்கில் அது அன்ஸ்டேபிள்.

‘போல் எல்லாம் வட்டத்துக்குள்’ என்ற விதி காசல் சிஸ்டத்துக்கு (வருங்கால உள்ளீட்டைப் பார்க்காதது) மட்டும். 2-ல் ஒரே போல் உள்ள சிஸ்டத்தைக் காலத்தில் முன்னோக்கி ஓட்டினால் 1, 2, 4, 8 என்று வெடிக்கும். பதிவு செய்த கோப்பைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டினால் அதே போல் 1/2, 1/4, 1/8 என்று (எதிர்க்குறியோடு) தேயும், முழுக்க ஸ்டேபிள். போல் எங்கே என்பதோடு குவிவுப் பகுதி (இசட் டிரான்ஸ்ஃபார்மின் கூட்டுத்தொகைக்கு முடிவு வரும் இடம்) யூனிட் சர்க்கிளை உள்ளடக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தொடர்காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு: டிஃபரன்ஷியேட்டர். அதில் போலே கிடையாது. ஆனால் காலத்தின் இருமடியை சைனுக்குள் போட்டு உள்ளீடாகக் கொடுத்தால், உள்ளீடு ±1-க்குள்ளேயே ஆடும், வெளியீடு காலத்தோடு வளர்ந்துகொண்டே போகும். சாம்பிள் உலகில் ‘இப்போது − முந்தையது’ என்ற கழித்தலுக்கு இந்த நோய் இல்லை, தொகை 2.

பதில் 5: நாட்ச்50

தாளில் ஸ்டேபிள், சில்லில் இல்லை என்பதற்கு இன்னொரு வகை இருக்கிறது, அதில் ரத்து கித்து எதுவும் கிடையாது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வெட்டும் நாட்ச், சாம்பிள் வேகம் 48,000, போலின் ஆரம் 0.999, 16 பிட் குணகங்கள், ±2 வரை அடங்க வேண்டும் என்பதால் படி 1/16384. முந்தைய இரண்டு வெளியீடுகளின் குணகங்கள் ஏ1, ஏ2 என்றால் இருபடிப் பகுதிக்கு விதி: ஏ2-ன் தனிமதிப்பு 1-க்குக் கீழே, ஏ1-ன் தனிமதிப்பு 1 + ஏ2-க்குக் கீழே.

ஏ2 = 0.998001, ஏ1 = −1.997957. விதிப்படி ஸ்டேபிள். ஆனால் இடைவெளி 0.000044தான், ஒரு படி 0.000061! இப்போது ரவுண்ட் செய்யுங்கள். ஏ2 × 16384 = 16351.25, அதாவது 16351. ஏ1-ன் தனிமதிப்பு × 16384 = 32734.53, அதாவது 32735. 1 + ஏ2 என்பது 16384 + 16351 = 32735. இரண்டும் சமம். போல் ஜோடி பிரிந்து ஒன்று நேராக 1-ல் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே (உள்ளீட்டுப் பக்கம்) இருக்கும் குணகத்தையும் ரவுண்ட் செய்தால் (32767.3, அதாவது 32767) ஜீரோக்கள் 1-ஐத் தொடாததால் ரத்தாகவும் வழியில்லை. ஏடிசியில் (சிக்னலை எண்ணாக்கும் சில்லில்) வெறும் 100 கவுண்ட் டிசி ஆஃப்செட் (மாறாத விலகல்) இருந்தால் வெளியீடு சாம்பிளுக்கு 3 வீதம் ஏறி, கால் வினாடிக்குள் 32767-ஐத் தொடும். டிசைன் மென்பொருள் படத்தில் எல்லாம் அழகாகத்தான் தெரியும், அது டபுளில் வரைகிறது.

மருந்து: முதலில் டெசிமேட் செய்து 1,000 சாம்பிளுக்கு இறங்குங்கள். ஏறத்தாழ அதே அகல நாட்சுக்கு ஆரம் 0.95 போதும், அப்போது இடைவெளி 0.0955, சுமார் 1,560 படி. இறங்க முடியாது என்றால் 32 பிட் குணகம். எது செய்தாலும் ரவுண்ட் செய்த பிறகு உள்ள எண்களை வைத்து விதியைச் சரிபாருங்கள், டிசைன் எண்களை வைத்து அல்ல.

முழு எண்ணில் ஐஐஆர் (பழைய வெளியீட்டையும் திரும்ப உள்ளே எடுக்கும் ஃபில்டர்) ஓட்டும்போது ரவுண்டிங்கால் சிஸ்டம் நேரியலே இல்லாமல் போகிறது, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கணக்கு முழுசாகக் கைகொடுக்காது. ‘புதிது = 0.9 × பழையது’, உள்ளீடு 0, தொடக்கம் 10, அருகிலுள்ள முழு எண்ணுக்கு ரவுண்டிங்: 10, 9, 8, 7, 6, 5, 5, 5, 5… (4.5 மேலே போய்விடுகிறது). பூஜ்ஜியத்துக்கு வராது. பூஜ்ஜியம் நோக்கி வெட்டினால் 5-க்குப் பிறகு 4, 3, 2, 1, 0 என்று இறங்கிவிடும். இருபடிப் பகுதிகளில் இதுவே நிற்காத சிறு ஊசலாக வரும், ஹெட்போனில் மௌனத்தின்போது மெல்லிய விசில் மாதிரி கேட்கும். வழிதலால் வரும் பெரிய ஊசலுக்கு இங்கே சாச்சுரேஷன்தான் மருந்து. சிஐசிக்கு விஷம், ஐஐஆருக்கு மருந்து. ஒரே சில்லில் இரண்டும் ஓடினால் எந்த மோடில் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: தராசுத்தட்டு

ரா எண்ணிலேயே முழு எண் கூட்டலாக மாற்றிவிட்டேன். 1024 சோதனையை ஃப்ளோட் கோடில் ஓட்டியதில் 1024 என்றே வந்தது, சொன்ன எண் அப்படியே. ஒரு கேள்வி மிச்சம்: எண் சுற்றிக்கொண்டு வந்தாலும் சரியாகிவிடும் என்றால், சன்னலை 512 ஆக்கினாலும் அதே 32 பிட் போதும்தானே?

பதில் 6: இரண்டின்அடுக்கு

போதாது. நடுவில் வழிந்தால்தான் மன்னிப்பு, கடைசி விடையே அடங்காவிட்டால் கிடையாது. 24 + 9 = 33 பிட். 256 வரை 32 பிட்டில் சரியாக அடங்கும், 512-க்கு 64 பிட் முழு எண் வையுங்கள். தட்டில் வைக்கும் எடை முழு அளவில் பாதியைத் தாண்டாது என்றால் 512-ம் 32 பிட்டில் ஓடும். லோட் செல் கம்பி கழன்று ரீடிங் உச்சத்தில் ஒட்டிக்கொண்டால் மட்டும் குறி மாறி மைனஸ் எடை காட்டும். கம்பியை மாட்டிய 512 சாம்பிளில், அதாவது 6.4 வினாடியில், தானே சரியாகிவிடும்.